நூறு வாட் கோபுரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஒரு இருபது நிமிஷம் பேசணும். டெக்னிக்கலாவும் இருக்கணும், யாரும் தூங்கவும் கூடாது" என்றார். நமக்கோ இரண்டும் சேர்ந்து வராது. சர்க்யூட்டைப் பற்றிப் பேசினால் சபை தூங்கும். சபை சிரித்தால் சர்க்யூட் காணாமல் போகும். யோசித்துப் பார்த்ததில், இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காலத்தில் இருந்த ஒரு பொருள் நினைவுக்கு வந்தது. அலுமினியக் குழாயில் செய்த, மீன் முள் மாதிரி இருக்கும் டிவி ஆன்டெனா. அதையும், அது எந்தக் கோபுரத்தைப் பார்த்து நின்றதோ அந்தக் கோபுரத்தையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எங்கள் பெரியப்பா திண்டிவனத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், பின்பக்க மூடி கழற்றிய டயனோரா, சாலிடேர் பெட்டிகள் நாலைந்து. ஆனால் அவருக்கு வருமானம் பெட்டியைத் திறந்து பார்த்ததில் வந்ததைவிட ஆன்டெனா கட்டியதில்தான் அதிகம் வந்தது. காரணம் நம்ம ஊர் இருக்கிற இடம்.

வரைபடத்தை மனதில் கொண்டுவாருங்கள். திண்டிவனத்திலிருந்து சென்னை 120 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து 160. இந்த இரண்டு ஊரிலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். டிவி அலை நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்து கிடக்கிறது. கோபுரம் 30 மீட்டர் உயரம், வீட்டு ஆன்டெனா 10 மீட்டர் உயரம் என்றால், இரண்டும் ஒன்றையொன்று "பார்க்கக்" கூடிய எல்லை சுமார் 35 கிலோமீட்டர்தான். சென்னைக் கோபுரம் 120 கிலோமீட்டர் தாண்டி நம்ம மாடியைப் பார்க்க வேண்டுமானால் அது 600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். ஆக, சென்னைக்கும் நாம் தூரம். பக்கத்துக் கோபுரத்துக்கும் நாம் ஓரம். வாய்க்காலில் கடைமடை என்று சொல்வார்களே, அதுதான் நாம். தலைமடைக்காரன் தாராளமாகப் பாய்ச்சுவான். நமக்கு வந்தால் வந்தது.

அதனால்தான் நம்ம பக்கத்தில் ஆன்டெனா கம்பம் தென்னை மரத்துக்குப் போட்டியாக உயர்ந்தது. கம்பத்தின் உச்சியில் பூஸ்டர். மழை பெய்தால் பூஸ்டருக்குள் தண்ணீர். காக்கா உட்கார்ந்தால் திசை மாறும். வெயில் காலத்தில் சில ராத்திரிகளில், எந்த முயற்சியும் இல்லாமல் சென்னை பளிச்சென்று விழும். பெரியப்பா அதைத் தன் கைராசி என்று சொல்லிக் காசு வாங்கிவிடுவார். கடலோரக் காற்றில் சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அலையை ஒரு குழாய்க்குள் செலுத்துவது போல வெகுதூரம் கொண்டுபோகும் என்பதை நான் இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாகினியை நம் தென்கோடிக் கடற்கரை ஊர்களில் பார்த்து ரசித்தார்களே, அதற்கும் பிதுருதலாகல மலை உச்சிக் கோபுரத்தோடு இந்தக் காற்றும் கூட்டுதான்.

1996 மார்ச் 9. பெங்களூரில் இந்தியா–பாகிஸ்தான் கால் இறுதி ஆட்டம். இன்றைக்கு முப்பதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. படம் அரிசி கொட்டியது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. நான்தான் எடை குறைந்தவன். என்னை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

"தெரியுதா?"

"இல்லடா, இன்னும் கொஞ்சம் கிழக்க திருப்பு!"

"இப்போ?"

"ஆங், அப்படியே புடிச்சிக்க. கைய எடுக்காத!"

கையை எடுத்தால் படம் போய்விடுகிறது. வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சோஹைலை போல்ட் ஆக்கிய அந்தப் பந்தை இந்தியா முழுக்கப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. இருட்டில், மொட்டை மாடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து ஒரு பெரிய சத்தம் மட்டும் கேட்டது. அலைபரப்பு பொறியியலில் என் முதல் பாடம் அதுதான்: ஆன்டெனாவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவனுக்குப் படம் தெரியாது!

சரி, அந்தக் கோபுரத்தின் கதைக்கு வருவோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்ததே சிறிய அளவில்தான். 1959 செப்டம்பர் 15ஆம் தேதி டெல்லியில், குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், வாரத்துக்கு இரண்டு நாள் நிகழ்ச்சி, சுற்றிலும் 40 கிலோமீட்டர் தூரம். அவ்வளவுதான் அன்றைய இந்தியத் தொலைக்காட்சி. பம்பாய்க்கு 1972 அக்டோபரில் வந்தது. நம் சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. 1976 ஏப்ரலில் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி நிறுவனம் ஆனது. 1982 ஆகஸ்ட் 15இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ணமும் சேர்ந்து வந்தன. அந்த நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி.

உண்மையான பாய்ச்சல் அதற்குப் பிறகுதான். 1983 ஆகஸ்ட் 30இல் இன்சாட்-1பி விண்ணுக்குப் போனது. அதற்கு முந்தைய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்துவிட்டதால், இதன்மேல் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. டெல்லி நிகழ்ச்சி துணைக்கோளுக்கு ஏறும்; அங்கிருந்து நாடு முழுக்க இறங்கும். இறங்குவதைப் பிடித்து ஊருக்குள் விநியோகிக்கச் சின்னச் சின்ன நிலையங்கள் வேண்டும். அவைதான் எல்பிடி என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள். 1984இல் சில மாதங்களுக்கு, நாளுக்கு ஒரு நிலையம் என்ற வேகத்தில் நாடெங்கும் முளைத்தன. நம்மைச் சுற்றியும் புதுச்சேரி, நெய்வேலி என்று இத்தகைய நிலையங்கள் வந்தன. சனங்கள் அவற்றை "ரிலே ஸ்டேஷன்" என்றார்கள். அந்தப் பெயர்தான் மிகச் சரியான பெயர். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த நிலையத்துக்குள் என்ன இருக்கும்? வெளியே வானத்தைப் பார்த்த ஒரு பெரிய டிஷ். உள்ளே குளிரூட்டிய ஒரு அறை. டிஷ் பிடித்த சிக்னலைப் பிரித்தெடுக்க ஒரு ரிசீவர். அதை ஊர் சேனலுக்கு மாற்றி, 100 வாட் சக்திக்குப் பெருக்கும் டிரான்ஸ்மிட்டர். வெளியே கோபுரம், அதன் உச்சியில் ஆன்டெனா. கரன்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். முறை வைத்து வேலை பார்க்கும் சில டெக்னீஷியன்கள். இதுதான் முழு நிலையமும்.

100 வாட் என்பது என்ன? நம் வீட்டில் முன்பு எரிந்த பெரிய குண்டு பல்பு ஒன்றின் சக்தி. அதை வைத்துக்கொண்டு 15 முதல் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் படம் காட்டினார்கள். இதில் ஒரு பொறியாளனாக எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. சேனல் 4 என்றால் 62.25 மெகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் சுமார் 4.8 மீட்டர். அதில் பாதி 2.4 மீட்டர். பெரியப்பா அலுமினியக் குழாயை ஏறக்குறைய எட்டடிக்கு அறுத்தாரே, கணக்குத் தெரிந்து அறுக்கவில்லை. "எட்டடி வச்சாத்தான் புடிக்கும்" என்று தெரிந்து அறுத்தார். நான் நாலு வருஷம் படித்துக் கண்டுபிடித்ததை அவர் ரம்பத்தால் கண்டுபிடித்திருந்தார்.

இந்தச் சின்ன நிலையங்கள் செய்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை 1984 நவம்பர் 3இல் சிற்றூர் மக்களும் நேரடியாகப் பார்த்தார்கள். 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணம் தொடரை, இந்தி ஒரு சொல் தெரியாத பாட்டிமார்கள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கதை தெரியும், அதனால் மொழி தேவைப்படவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் கதை தெரிந்திருக்காதே? வயலும் வாழ்வும் நிகழ்ச்சியும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் சென்னையிலிருந்து வந்தன. ஆரம்பக் காலத்தில் துணைக்கோளில் இறங்கியதோ டெல்லி. டெல்லியை மட்டும் பிடித்துக் கொடுத்த நிலையத்தின் அடியில் குடியிருந்தவர்களுக்குப் படம் பளிச்சென்று இருக்கும்; பாஷை புரியாது. தமிழ் வேண்டும் என்றவர்கள், பக்கத்துக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, ஆன்டெனாவைச் சென்னை பக்கம் திருப்பிப் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் தமிழைத் தேடினார்கள். பெரியப்பா சொல்வார்: "பக்கத்துல இருக்கிறது பேசறது புரியல, புரியறது பேசறது பக்கத்துல இல்ல." பிறகு தமிழ் நிகழ்ச்சிகளும் துணைக்கோள் வழியாக வரத் தொடங்கி அந்தக் குறை நீங்கியது.

ஆனால் இன்னொரு குறை கடைசிவரை நீங்கவே இல்லை. அந்த நிலையத்தில் நான் சொன்ன சாமான்களை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். டிஷ், ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், கோபுரம், ஜெனரேட்டர். கேமரா உண்டா? ஸ்டூடியோ உண்டா? ஒரு மைக் உண்டா? கிடையாது. 20 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒளிபரப்பும் நிலையம், அந்த 20 கிலோமீட்டருக்குள் நடக்கும் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. அதனால்தான் ரிலே ஸ்டேஷன் என்பது சரியான பெயர் என்றேன். அது மதகு. ஏரி வேறெங்கோ இருந்தது.

"அந்தக் காலத்தில் அப்படித்தான் முடியும்" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பீஜ் என்ற கிராமத்தைப் பற்றிப் படிக்கும்வரை.

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் இருக்கிறது பீஜ். 1975இல் நம் நாடு ஒரு பெரிய பரிசோதனை செய்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 துணைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அவர் 1971 டிசம்பரில் மறைந்த பிறகு மற்றவர்கள் நிறைவேற்றினார்கள். அதே சமயத்தில் அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் பீஜ் கிராமத்தில் 1 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நிறுவியது. சுற்றிலும் 35 கிலோமீட்டருக்குள் சுமார் 400 கிராமங்கள். பொது இடங்களில் சுமார் 650 பெட்டிகள். கூட்டுறவுப் பால் சங்கக் கட்டடத்தில் பெட்டி இருக்கும்; சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

துணைக்கோள் ஓராண்டில் போய்விட்டது. பீஜ் போகவில்லை. பத்து ஆண்டுகள் ஓடியது. அங்கே ஓடிய நிகழ்ச்சிகளில் கேடா மாவட்டத்து ஆட்களே நடித்தார்கள், அவர்கள் பேசும் குஜராத்தியிலேயே பேசினார்கள். வரதட்சணை, விதவை மறுமணம், தீண்டாமை, கூலி என்று ஊரில் வாய்விட்டுப் பேசத் தயங்கிய விஷயங்களைத் தொடர் நாடகமாகப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் குறைகளைக் கேமரா முன்னால் சொன்னார்கள். நிகழ்ச்சி எடுப்பதற்கு முன்னால் கிராமத்துக்குப் போய் என்ன தேவை என்று கேட்பது, எடுத்த பிறகு எடுபட்டதா என்று மறுபடி கேட்பது என்று சமூகவியல் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1984இல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. மறு ஆண்டு, 1985இல், நிலையம் மூடப்பட்டது.

கவனியுங்கள்: 1984இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று நாடு முழுக்க நட்டுக்கொண்டிருந்த அதே நேரம்தான் இது. நட்டவை நூற்றுக்கணக்கில் பெருகின. பேசிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனது.

இன்னொரு கதை, கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் ரூபவாகினி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1979 ஏப்ரல் 13ஆம் தேதி, புத்தாண்டுக்கு முந்தைய நாள், கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியாவில் ஒரு தனியார் தோட்டத்து வீட்டிலிருந்து சில இளைஞர்கள் ஐடிஎன் என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். சக்தி குறைந்த டிரான்ஸ்மிட்டர். 15 மைல் தூரம் எட்டும். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூன் 5ஆம் தேதி, அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவிலோ 1982இல் குறைந்த சக்தி தொலைக்காட்சிக்கென்றே தனி உரிம வகை உண்டாக்கி, சிற்றூர்களில் நிலையம் நடத்த வழிவிட்டார்கள். ஆக, சின்ன டிரான்ஸ்மிட்டரும் பேசும். பேச விடுவதும் விடாததும் சர்க்யூட்டின் கையில் இல்லை.

நம்ம ஊரில் அந்த வேலையைக் கடைசியில் யார் செய்தார்கள்? கேபிள்காரர். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. அதற்குள்ளாகவே தெருவுக்குத் தெரு கறுப்பு ஒயர் தொங்க ஆரம்பித்துவிட்டது. கேபிள் ஆபரேட்டர் ஒரு சேனலைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன கேமரா. ராத்திரியில் படம் போடுவார். பகலில் மயிலம் முருகன் தேர், மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல், பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம், காணாமல் போன பையன். தரம் என்று பார்த்தால் நம் ஆசிரியர்கள் பாஸ் மார்க் போட மாட்டார்கள். ஆனால் எங்கள் அம்மா டெல்லி செய்தியை விட்டாலும் அதை விடமாட்டார். தெரிந்த முகம் வருமே!

பெரியப்பா கடைக்கு ஆன்டெனா வேலை குறைந்தது அப்போதுதான். அவர் கேபிளைத் திட்டவில்லை. "எங்க ஊர் ஆளு டிவியில வர்றதுக்கு இத்தனை வருஷம் ஆச்சு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது கோபுரத்தின் கடைசிக் கதை. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் நேரடி டிஷ் சேவையைத் தொடங்கியது. பிறகு டிஜிட்டல் வந்தது, செல்போனில் படம் வந்தது. ஆன்டெனாவில் பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள். 2017-18 தொடங்கி, நாடு முழுக்க இருந்த பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தியது. 2022 மார்ச் 31க்குள், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் சுமார் 50ஐத் தவிர்த்து மற்றவற்றை மூடுவது என்பது திட்டம். பொறியாளனாக இதில் எனக்குக் குறை இல்லை. பார்ப்பவர் இல்லாத நிலையத்துக்கு மின்கட்டணம் கட்டுவது நியாயமில்லை. அந்த அலைவரிசையும் வேறு வேலைக்கு உதவும். பழைய கோபுரத்தைக் கட்டிப்பிடித்து அழுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை.

பிறகு எதற்கு இந்தக் கதை? சொல்கிறேன்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். நான் சென்னையிலிருந்து அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தேன். ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது என்றார்கள். கடந்தது என்ன, உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. உங்களில் பலர் இங்கேதான் இருந்தீர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரன்ட் போனது. மறுநாள் மதியத்துக்குள் வீட்டில் இருந்த மூன்று போனிலும் சிக்னல் போனது. நான் யார்? செல்போன் கோபுரங்களை இணைக்கும் வேலையில் பதினைந்து வருஷமாகச் சம்பளம் வாங்குபவன். என் கையில் இருந்த போன் வெறும் டார்ச் லைட்டாக இருந்தது.

அம்மா கேட்டார்: "விழுப்புரத்துல அத்தை வீட்டாண்ட தண்ணி வந்துடுச்சான்னு கேளேன்டா." நான் யாரைக் கேட்பேன்? எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்தப் பாலம் முழுகியிருக்கிறது, எந்த ஏரி உடைந்தது, பால் வருமா, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். அரசூரில் நெடுஞ்சாலை மேல் தண்ணீர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. இதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. துபாயிலிருந்து என் நண்பன் யூட்யூபில் பார்த்திருக்கிறான். தெரியாமல் உட்கார்ந்திருந்தது தண்ணீருக்கு நடுவில் இருந்த நாங்கள்தான். மறுபடியும் 1996 மொட்டை மாடி! சத்தம் மட்டும் கேட்கிறது. என்ன நடந்தது என்று தெரியவில்லை.

பரண்மேல் பெரியப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. கடிகாரத்தில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். வானொலி வந்தது. புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் எங்கள் தெருவிலிருந்து மூன்று கிலோமீட்டரில் என்ன நிலைமை என்று அதற்கும் தெரியாது. அது அதன் குற்றமில்லை. அதற்கு மாநிலமே பார்க்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நம் கல்லூரி லேப் நினைவுக்கு வந்தது. இறுதியாண்டு புராஜெக்ட். நானும் மூன்று நண்பர்களும் ஒரு சின்ன விஹெச்எஃப் டிவி டிரான்ஸ்மிட்டர் செய்தோம். லைசென்ஸ் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதால் டம்மி லோடு போட்டு, லேபுக்குள்ளேயே சோதித்தோம். கசிந்த சிக்னலிலேயே அடுத்த அறை டிவியில் கலர் பட்டை தெரிந்தது. குதித்தோம். தேர்வாளர் ஐயா, "ஆன்டெனா போட்டா எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னோம். நல்ல மார்க் போட்டார்.

எல்லாரும் போன பிறகு லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து டிவியைப் பார்த்தார். "தம்பி, எல்லாம் சரி. இதுல என்னத்த காட்டப் போறீங்க? இந்தப் பட்டையவா?" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவருக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்துச் சிரித்தோம். பதினைந்து வருஷம் கழித்து, இருட்டில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் யாருக்குப் புரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. எவ்வளவு தூரம் போகும் என்று நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். என்ன போகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாடு நட்ட அத்தனை 100 வாட் கோபுரங்களும் செய்த அதே தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

நண்பர்களே, தம்பி தங்கைகளே! 1995 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சொத்தில் நமக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. தனி ஊர்த் தொலைக்காட்சிக்கு இன்றும் உரிமம் கிடையாது. ஆனால் சமுதாய வானொலிக்கு உண்டு. கல்லூரிகள் விண்ணப்பிக்கலாம். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலியைத் தொடங்கியது. பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் புதுவை வாணி இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை 2016இலிருந்து பேசுகிறது. கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அவர்கள் பாஷையில் சொல்கிறது.

பொதுவாக அனுமதிக்கப்படும் அதிகபட்ச சக்தி எவ்வளவு தெரியுமா? அதே 100 வாட்! கோபுர உயரம்? 30 மீட்டருக்குள். அதே பழைய அளவு. எட்டும் தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆனால் வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், தேர்வு, வேலைவாய்ப்பு, பேரிடர் அறிவிப்பு எல்லாம் உள்ளூர் நிர்வாகம் தரும் தகவலோடு சொல்லலாம். பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்களே பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும். கேட்பதற்கு ஒரு சின்ன ரேடியோ போதும்.

சங்கம் இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று செயலாளர் கேட்டிருந்தார். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது நல்லதுதான். ஆனால் என் வேண்டுகோள் வேறு. முதலில் டிரான்ஸ்மிட்டர் வாங்காதீர்கள்! அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு சின்ன அறை, இரண்டு மைக், ஒரு கம்ப்யூட்டர். மாணவர்கள் இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போகட்டும். ஃபெஞ்சல் ராத்திரியில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைக்கட்டும். எந்த ஓடை எப்போது பொங்கும் என்று தெரிந்த பெரியவர்களிடம் கேட்கட்டும். அடுத்த சந்திப்புக்குள் பன்னிரண்டு மணி நேர ஒலிப்பதிவு நம் கையில் இருந்தால், உரிமத்துக்கு விண்ணப்பிப்போம். கோபுரத்தையும் ஆன்டெனாவையும் வடிவமைத்து நிறுத்தும் வேலையை என் வகுப்புத் தோழர்களோடு நான் எடுத்துக்கொள்கிறேன். இதை மேடையில் சொல்லிவிட்டேன். மலரிலும் அச்சாகப் போகிறது. இனி தப்பிக்க முடியாது.

பெரியப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால், "எவ்வளவு தூரம் எடுக்கும்டா?" என்று கேட்டிருப்பார். "பதினைஞ்சு கிலோமீட்டர், பெரியப்பா" என்று சொல்லியிருப்பேன். "அட, போதுமே. நம்ம சனம் அதுக்குள்ளதானே இருக்கு" என்று சொல்லியிருப்பார்.

அந்த லேப் அட்டெண்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கு இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, நீங்க கேட்ட கேள்விக்கு அடுத்த வருஷம் பதில் சொல்றோம்.